மாநிலப் பணியிடப் பாதுகாப்பு வாரியம்: இருக்கைகளை யார் நிரப்புவது?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. கிராஜுவிட்டி, வேலை நேரம், வேலைநீக்கம் பற்றியெல்லாம் அன்றிலிருந்து நிறையப் பேசிவிட்டோம். பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பின் 17-ஆம் பிரிவு மட்டும் பெரும்பாலும் கண்ணில் படாமலே போய்விட்டது. ஒவ்வொரு மாநில அரசும் ஒரு பணியிடப் பாதுகாப்பு ஆலோசனை வாரியம் அமைக்க வேண்டும் என்று சொல்கிற பிரிவு அது. உறுப்பினர் யார், அவர்களை எப்படித் தேர்வது, கூட்டம் எப்படி நடப்பது என்பதையெல்லாம் விதிகளுக்கே விட்டுவிட்டது.

தேசிய வாரியத்துக்கு அப்படி விடவில்லை. 16-ஆம் பிரிவே ஆட்களைச் சொல்லிவிடுகிறது. மத்தியத் தொழிலாளர் துறைச் செயலாளர் தலைவர். சுரங்கப் பாதுகாப்பு, வெடிபொருள், சுகாதாரம், இ.எஸ்.ஐ. ஆகியவற்றின் தலைமை அதிகாரிகள் உறுப்பினர்கள். முதலாளிகள் சார்பில் 5 பேர், தொழிலாளர் சார்பில் 5 பேர், அப்புறம் துறை வல்லுநர்கள். இதையே சிறிய அளவில் நகலெடுத்து ஒரு அறிவிக்கை போட்டுவிட்டால் போதும் என்று எந்த மாநிலமும் நினைக்கலாம். தமிழ்நாடு அப்படிச் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மற்ற நாடுகளில் இத்தகைய வாரியங்கள் நடந்த விதத்தைப் பார்த்தால், எத்தனை இருக்கை என்பதைவிட, ஒவ்வோர் இருக்கைக்கும் ஆளைக் கொடுப்பது யார், அவரை நீக்கக் கூடியவர் யார் என்பதுதான் முக்கியமாக இருந்திருக்கிறது.

விருதுநகர் மாவட்டத்தை வைத்தே பேசுவோம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டி. ஒவ்வொரு முறையும் மறுநாள் செய்தித்தாளில் ஒரே வரி வருகிறது: மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது. அந்த உராய்வுக்கு முன்னால் நடப்பது அந்த ஒரு வரியில் இல்லை. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. உரிமம் ஒருவர் பேரில் இருக்கும், அறைகளை உள்குத்தகைக்கு எடுத்து ஓட்டுகிறவர் வேறொருவராக இருப்பார். அப்படி இரண்டு மூன்று பேர் எடுத்தால் ஒரே வளாகத்தில் இரண்டு மூன்று கூட்டம் ஆட்கள். தீபாவளி ஆர்டர் குவியும் மாதங்களில் அறையில் இடம் போதாமல் மரத்தடியில் உட்கார்ந்து மருந்து செலுத்துவார்கள். கூலி பீஸ் கணக்கு என்பதால் யாரும் மெதுவாக வேலை செய்ய மாட்டார்கள். முந்தின நாள் கலந்து மீந்த மருந்தை அழிக்காமல் வைத்து மறுநாள் எடுப்பதும் உண்டு. ஈரம் ஏறி நீர்த்துப்போன மருந்து அதற்குள் தானாகவே சூடேறத் தொடங்கியிருக்கும். இவை எதுவும் ஆய்வாளரின் படிவத்தில் வராது. போர்மேனுக்கும், மருந்தைக் கையில் தொடுகிறவருக்கும் தெரியும்.

ஆகவே எந்த நியமன முறையானாலும் அதனிடம் எனக்கு இரண்டு கேள்விகள் உண்டு. இதெல்லாம் தெரிந்த ஒருவரை அது வாரியத்தின் மேசைக்குக் கொண்டுவருமா? அரசுக்கோ பெரிய முதலாளிக்கோ பிடிக்காத ஒன்றை அவர் சொன்னால், அடுத்த கூட்டத்திலும் அவர் இருப்பாரா?

பிரிட்டன்: சங்கங்களைக் கேட்டு நியமிப்பது

நமக்கு மிகவும் பழக்கமான வழி இது. நம் முத்தரப்புக் கூட்டங்கள், நல வாரியங்கள் எல்லாம் இந்த மாதிரிதான். பிரிட்டனில் பணியிடப் பாதுகாப்பை ஆராய்ந்த ராபன்ஸ் குழு 1972-இல் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஜூன் 1 அன்று ஃபிளிக்ஸ்பரோ ரசாயன ஆலை வெடித்து 28 பேர் இறந்திருந்தார்கள். அந்தச் சட்டம் அமைத்த ஆணையத்தில் தலைவரோடு 6 முதல் 9 பேர் வரை. அவர்களில் மூவரை முதலாளிகள் அமைப்புகளையும், மூவரைத் தொழிற்சங்க அமைப்புகளையும் கலந்தபிறகே அமைச்சர் நியமிக்க வேண்டும். மிச்ச இடங்கள் உள்ளாட்சி மன்றங்களையும் பிற அமைப்புகளையும் கேட்டு நிரப்பப்பட்டன. 2008-இல் ஆணையத்தையும் அமலாக்க அமைப்பையும் ஒன்றாக இணைத்தபோதுகூட, மூன்றுக்கு மூன்று என்ற அந்தப் பங்கை விட்டுவிடவில்லை.

இந்த முறையில் உறுப்பினருக்குப் பின்னால் ஓர் அமைப்பு நிற்கிறது. தனியாளை மிரட்டலாம், சங்கக் கூட்டமைப்பை அவ்வளவு சுலபமாக மிரட்ட முடியாது. என் இரண்டாவது கேள்விக்கு இது நல்ல பதில்தான். முதல் கேள்வியில்தான் இடறுகிறது. 1970-களின் பிரிட்டனில் தொழிலாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் சங்கத்தில் இருந்தார்கள். கூட்டமைப்பு ஓர் ஆளை அனுப்பினால் அது உண்மையிலேயே பாதித் தொழிலாளர்களின் குரல். தமிழ்நாட்டில் தொ.மு.ச., சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., பி.எம்.எஸ்., அண்ணா தொழிற்சங்கம் ஆகியவை பஸ் டிப்போவிலும் மின்வாரியத்திலும் துறைமுகத்திலும் பலமாக இருக்கின்றன. பட்டாசு அறையிலும், கட்டடச் சாரத்திலும், ஒடிசாவிலிருந்து வந்து தங்கி வேலை செய்கிறவர்களின் தகரக் கொட்டகையிலும் அந்தப் பலம் இல்லை. ஆபத்து அதிகமாக இருப்பது இங்கேதான். கூட்டமைப்புகள் அனுப்பும் தலைவர்கள் அனுபவசாலிகள், அவர்கள் வரத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் மட்டும் போதாது.

கலிஃபோர்னியா: இருக்கைக்குப் பெயர் எழுதி வைப்பது

இந்த மாதிரியைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். நம் விதிக்கு அதிலிருந்து எடுக்க நிறைய இருக்கிறது.

கலிஃபோர்னியாவில் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரத் தரநிலை வாரியம் என்று ஒன்று உண்டு. உறுப்பினர் 7 பேர். நிர்வாகத் தரப்பில் இருவர், தொழிலாளர் தரப்பில் இருவர், தொழில்சார் சுகாதாரத் துறையில் ஒருவர், தொழில் பாதுகாப்புத் துறையில் ஒருவர், பொதுமக்கள் சார்பில் ஒருவர். இது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பதவிக்காலம் 4 ஆண்டு. நியமிப்பவர் ஆளுநர். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஆட்சித் தலைவர், நம் முதலமைச்சர் போல. நம் வாரியம் ஆலோசனை மட்டுமே சொல்லலாம், அந்த வாரியம் தரநிலையையே, அதாவது பின்பற்றியாக வேண்டிய பாதுகாப்பு விதியையே, நிறைவேற்றுகிறது. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

இருக்கைக்கு இப்படிப் பெயர் வைப்பதால் என்ன பயன் என்பதற்கு சிலிக்கா தூசி விவகாரம் நல்ல உதாரணம். சமையலறை மேடைக்குப் பயன்படும் செயற்கைக் கல்லை வெட்டும் பட்டறைகளில் இளம் தொழிலாளர்கள் சிலிக்கோசிஸ் வந்து நுரையீரல் கெட்டுப் போனார்கள். தொழில்சார் மருத்துவர்களின் சங்கம் ஒன்று 2022 டிசம்பரில் வாரியத்துக்கு மனுக் கொடுத்தது. அங்கே யார் வேண்டுமானாலும் மனுக் கொடுக்கலாம், ஆறு மாதத்துக்குள் வாரியம் முடிவைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். 2023 டிசம்பர் 14 அன்று அவசரத் தரநிலை நிறைவேறி, அந்த மாதக் கடைசியிலேயே அமலுக்கு வந்தது. மனுக் கொடுத்து சுமார் ஒரு வருடத்தில் சட்டபூர்வமான பாதுகாப்பு! தூசியைப் பற்றி மருத்துவர் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ள மேசையின் மறுபக்கத்திலும் தொழில்சார் சுகாதாரத் துறைக்காரர் ஒருவருக்கு இடம் இருந்தது. நம் முத்தரப்பு அமைப்புகளில் அரசு, முதலாளி, சங்கம் என்ற மூன்று தரப்பும் இருக்கும், மருத்துவருக்கென்று தனி இடம் இருப்பது அரிது. கல்குவாரியிலும் கிரஷரிலும் தூசியைச் சுவாசிக்கிறவர் இருமலோடு ஊர் திரும்பி, காசநோய் என்று மருந்து வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பது தமிழ்நாட்டில் புதிதல்ல.

அதே வாரியத்தின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். கட்டடத்துக்குள் வேலை செய்கிறவர்களை வெப்பத்திலிருந்து காக்க விதி கொண்டுவர வேண்டும் என்று கலிஃபோர்னியா 2016-இல் சட்டம் போட்டது. 2019 ஜனவரிக்குள் வரைவு வந்திருக்க வேண்டும். இழுத்து இழுத்து 2024 மார்ச் 21 அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. சிறைச்சாலைகளுக்கு ஆகும் செலவைக் காரணம் காட்டி மாநில நிதித் துறை கடைசி நேரத்தில் தன் ஒப்புதலை விலக்கிக்கொண்டது. வாரியம் அதற்குப் பிறகும் ஒருமனதாக விதிக்கு ஆதரவாக வாக்களித்தது. சிறைகளை விட்டுவிட்டுத் திருத்திய விதி ஜூன் 20 அன்று நிறைவேறி, ஜூலை 23 முதல் அமலாகியது. அந்த வருடத்திலேயே வாரியத் தலைவரிடமிருந்து தலைமைப் பொறுப்பு போனது. பாதுகாப்புத் துறை இருக்கையில் இருந்தவருக்கு மறுநியமனம் கிடைக்கவில்லை. ஆளுநரின் மனத்தில் என்ன இருந்தது என்பதை நான் ஊகிக்கப் போவதில்லை. நியமித்தவரே மறுநியமனத்தையும் தலைமைப் பொறுப்பையும் கையில் வைத்திருந்தால், அடுத்து வரும் உறுப்பினர் வாக்களிக்கும்முன் அதையும் சேர்த்தே யோசிப்பார். முறையின் கோளாறு அது.

இந்த வெப்ப விதி நமக்கும் தூரத்து விஷயமல்ல. தமிழ்நாடு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. சாயப்பட்டறையிலும் வார்ப்படச் சாலையிலும் மே மாதம் எப்படி இருக்கும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம்: முழுநேர நிபுணர்கள்

மூன்றாவது வழியில் தரப்புப் பிரதிநிதி என்பதே கிடையாது. 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 1998-இல் வேலையைத் தொடங்கிய இந்த வாரியத்தில் 5 பேர், முழுநேரம், தலா 5 ஆண்டு. குடியரசுத் தலைவர் பெயரைச் சொல்வார், செனட் ஒப்புதல் தர வேண்டும். அபராதம் போடும் அதிகாரமோ பாதுகாப்பு விதி போடும் அதிகாரமோ இதற்கு இல்லை. பெரிய ரசாயன விபத்து நடந்தால் போய் விசாரித்து, ஏன் நடந்தது என்று எழுதிப் பரிந்துரை செய்வது மட்டுமே வேலை.

2005 மார்ச் 23 அன்று டெக்சஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் இறந்தபோது, இந்த வாரியம் கம்பெனியின் செலவுக் குறைப்பை மட்டுமல்ல, ஆலையைச் சரியாகக் கண்காணிக்காத மத்திய ஆய்வுத் துறையையும் சேர்த்தே குறை சொன்னது. நம்மிடம் இல்லாதது இதுதான். பட்டாசு ஆலை வெடித்தால் உரிமையாளர் மீதும் போர்மேன் மீதும் வழக்குப் பதிவாகும், உரிமம் ரத்தாகும், நிவாரணம் அறிவிக்கப்படும். உரிமம் கொடுத்த அலுவலகமும் ஆய்வு செய்த அலுவலகமும் என்ன செய்தன என்பதை அந்த அலுவலகங்களின் மேலதிகாரிகளே விசாரிப்பார்கள். அச்சங்குளத்துக்குப் பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போட வேண்டியிருந்தது. போபாலுக்குப் பின் 1987-இல் திருத்திய தொழிற்சாலைகள் சட்டத்தில் மத்திய அரசு மூவர் விசாரணைக் குழு போட இடம் இருந்தது, ஆனால் அது அந்தந்த விபத்துக்கு மட்டும். நிரந்தர அமைப்பு இல்லாததால், ஒரு குழு கற்றது அடுத்த குழுவுக்குப் போய்ச் சேர்வதில்லை.

சரி, அப்படியானால் இதுவே போதுமா? போதாது. 2020 மே மாதம் அந்த ஐவர் வாரியத்தில் மிஞ்சியது ஒரே ஓர் உறுப்பினர். 2022 தொடக்கத்தில் இருவர் சேரும்வரை அப்படியே ஓடியது. யாரையும் நீக்கவில்லை, வாரியத்தைக் கலைக்கவும் இல்லை. காலியான இடங்களை நிரப்பாமல் விட்டார்கள், அவ்வளவுதான். வாரியத்தையே மூடிவிடலாம் என்று வெள்ளை மாளிகையின் பட்ஜெட் முன்மொழிவுகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொல்லியிருக்கின்றன. ஆக, காலியிடத்துக்கு விதியில் நாள் குறிக்காவிட்டால் மற்ற ஏற்பாடுகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் காகிதத்தில்தான் நிற்கும்.

வேலைத்தளத்திலிருந்து தேர்தல்

கடைசி வழிதான் கடினமானது, எனக்கு அதிகம் நம்பிக்கை தருவதும் அதுவே. தொழிலாளர் இருக்கைகளில் ஒரு பங்கையாவது தொழிலாளர்களே வாக்களித்து நிரப்புவது.

இதற்கான விதைகள் நம் சட்டங்களிலேயே இருக்கின்றன. சுரங்க விதிகள் 1955-இன்படி, 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சுரங்கத்தில் பதிவுபெற்ற சங்கத்தைக் கலந்து தொழிலாளர் ஆய்வாளர்களை நிர்வாகம் நியமிக்க வேண்டும். அவர்கள் சுரங்கத்தில் இறங்கிப் பார்த்துக் குறைகளைப் பதிவு செய்வார்கள். தொழிற்சாலைகள் சட்டத்தின் 1987 திருத்தம் அபாயகரமான தொழிற்சாலைகளில் முதலாளிக்குச் சமமான எண்ணிக்கையில் தொழிலாளர் இருக்கும் பாதுகாப்புக் குழுவைக் கட்டாயமாக்கியது. புதிய தொகுப்பின் 22-ஆம் பிரிவும், பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் எண்ணிக்கை முதலாளி தரப்புக்குக் குறையக் கூடாது என்கிறது. ஆடைத் துறையில் 2022-இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தில், பாலியல் வன்முறையைத் தடுக்க ஆலைத் தளத்திலேயே பெண் தொழிலாளர்கள் கண்காணிப்பாளர்களாக வந்தார்கள். பெண்கள் நிறைந்த ஒரு சங்கம் முன்னின்று செய்த ஏற்பாடு அது. வேலை செய்கிறவர்களால் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே கவனித்துக்கொள்ள முடியும் என்று இனிமேல் யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை.

ஆனால் பாதுகாப்புக் குழு என்பது பெரிய ஆலைகளுக்குத்தான் வரும். பட்டாசு ஆலைகளில் பெரும்பாலானவை சிறியவை, கட்டட வேலைக்கோ நிரந்தர இடமே கிடையாது. குழுக்கள் வழியாக மட்டும் வாக்களிக்க வைத்தால், ஆபத்தில் இருப்பவர்களே மறுபடியும் வெளியே நிற்பார்கள். இதற்கு என் யோசனை, நல வாரியங்களின் பதிவேட்டை வாக்காளர் பட்டியலாக எடுத்துக்கொள்வது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது, தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர்களுக்கும் நல வாரியம் இருக்கிறது. பதிவேடுகள் முழுமையானவை அல்ல. போலிப் பதிவும் இருக்கும், பதியாதவர்களும் இருப்பார்கள். வாக்கு உண்டு என்று தெரிந்தால் பதிவு செய்ய வருகிறவர்கள் கூடுவார்கள் என்பது என் எதிர்பார்ப்பு. புலம்பெயர்ந்து வந்தவர்களுக்கு ஆதார் முகவரி எந்த மாநிலமானாலும், வேலை செய்யும் இடத்தை வைத்தே வாக்குத் தர வேண்டும்.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் வரும். தேர்தலில் வருகிறவருக்குத் தரநிலை எழுதத் தெரியுமா என்பது ஒன்று. அவர் எழுத வேண்டியதில்லை. 17-ஆம் பிரிவே தொழில்நுட்பக் குழுக்கள் அமைக்க இடம் கொடுக்கிறது, எழுதுவது அவர்கள் வேலை. எழுதியது அறைக்குள் நடக்குமா நடக்காதா என்று சொல்வது இவர் வேலை. சங்கங்களை ஓரங்கட்ட இது ஒரு வழியாகிவிடும் என்பது இரண்டாவது வாதம், இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலாளியின் ஆளே வேட்பாளராக நின்று ஜெயிக்கவும் கூடும். அதனால்தான் எல்லா இடத்தையும் தேர்தலுக்கு விடக் கூடாது. தொழிலாளர் இருக்கை 6 என்றால் 3 சங்கக் கூட்டமைப்புகளுக்கு, 3 தேர்தலுக்கு: பட்டாசு மற்றும் தீப்பெட்டிக்கு ஒன்று, கட்டுமானத்துக்கு ஒன்று, ஜவுளிக்கு ஒன்று. சங்கங்கள் அந்த மூன்றிலும் வேட்பாளரை நிறுத்தட்டும். போய்த் தொழிலாளர்களைப் பார்க்க அவர்களுக்கும் அது ஒரு காரணம். வாக்குச்சாவடி ஆலை வளாகத்துக்குள் இருக்கக் கூடாது. பட்டாசிலும் ஜவுளியிலும் பெரும்பகுதி வேலையாட்கள் பெண்கள் என்பதால் அந்த இரண்டு இடமும் பெண்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும்.

ஆக நான் பரிந்துரைப்பது

கலிஃபோர்னியா போல இருக்கைக்குப் பெயர் எழுதும் விதியே அடித்தளம். முதலாளி தரப்புக்கு 6, அதில் குறைந்தது இரண்டு சிறு தொழில் உரிமையாளர்களுக்கு. பெரிய ஆலை அதிபருக்கும் பத்து அறை வைத்திருப்பவருக்கும் பிரச்சினைகள் ஒன்றல்ல. தொழிலாளர் தரப்பின் ஆறு பேரைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். தொழில்சார் மருத்துவத்துக்கு இரண்டு இடம், அதில் ஒன்று சென்னை கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் தினமும் தொழிலாளர்களைப் பார்க்கிற மருத்துவருக்கு. பாதுகாப்புப் பொறியியலுக்கு இரண்டு. விபத்தில் குடும்பத்தினரை இழந்தவர்களின் சார்பில் ஒன்று. பொதுமக்கள் என்று கலிஃபோர்னியா வைத்திருக்கும் இடத்தை நான் அவர்களுக்கே தருவேன். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் இயக்குநர் உறுப்பினர் செயலராக இருக்கலாம், தலைவராக வேண்டாம். தன் துறையின் வேலையைத் தானே எடைபோடும் நிலையில் அவரை வைப்பது அவருக்கும் நியாயமில்லை.

பதவிக்காலம் 4 ஆண்டு, ஒரே தடவை. மறுநியமனம் இல்லாவிட்டால் மறுநியமனத்துக்காக யாருக்கும் அஞ்ச வேண்டியதில்லை. இடையில் நீக்குவதென்றால் காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். காலியிடத்தை 60 நாளில் நிரப்பாவிட்டால், சங்க இடத்துக்குக் கூட்டமைப்பு தந்த பெயரும் தேர்தல் இடத்துக்கு அடுத்த அதிக வாக்கு பெற்றவரும் தானாகவே உறுப்பினர் ஆகிவிட வேண்டும்.

இன்னொரு சிக்கல் பலருடைய கண்ணில் படுவதில்லை. அரசு அனுப்பி வைக்கும் விஷயங்களில்தான் மாநில வாரியம் ஆலோசனை சொல்லலாம் என்று 17-ஆம் பிரிவு எழுதியிருக்கிறது. அரசு எதையும் அனுப்பாவிட்டால் நல்ல வாரியமும் சும்மாதான் இருக்கும். சட்டத்தை மாநிலம் திருத்த வேண்டியதில்லை. உயிரிழப்பு ஏற்படும் ஒவ்வொரு பணியிட விபத்தும், குறிப்பிட்ட எண்ணிக்கையில் தொழிலாளர்கள் கையெழுத்திட்ட ஒவ்வொரு மனுவும் வாரியத்துக்கு அனுப்பப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று ஒரு நிரந்தர ஆணை போட்டால் போதும். விசாரணைக்கு அதே பிரிவின்கீழ் நிரந்தரத் தொழில்நுட்பக் குழு ஒன்றை அமைத்து, உரிமம் தரும் எந்தத் துறையிலும் பணியில் இல்லாதவர்களை அதில் போடலாம். அறிக்கை அரசுக்குப் போகும் அன்றே பொதுவெளிக்கும் வர வேண்டும்.

கூட்டம் நடக்கும் நாளில் பட்டாசுத் தொழிலாளி ஒருவருக்குக் கூலி போகும். அதை ஈடுகட்டும் படி, சிவகாசியிலிருந்து வந்து போகும் செலவு, இரவு தங்க இடம் எல்லாம் விதியிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது கூட்டத்துக்கு அவரால் வர முடியாது. நிகழ்ச்சி நிரலும் அதனுடன் வரும் காகிதங்களும் தமிழில், கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே, அவர் வீட்டு முகவரிக்குப் போய்ச் சேர வேண்டும்.